பெல்ட் கழட்டின நேரம்

பெஞ்சுக்குக்கூட நம்பர் போட்டு வெச்சிருக்கறாங்க இந்த மகராசனுங்க. பதினேழுன்னு வெள்ளைப் பெயின்ட்டுல, நான் உக்காந்திருக்கற எடத்துக்குப் பக்கத்துலயே. பத்து மணிக்கு வரச்சொன்னாங்க, ஒம்போதே முக்காலுக்கே வந்துட்டேன். பட்டாளத்துக்காரன் பொண்டாட்டிக்கு அந்தப் பழக்கம் தானா ஒட்டிக்கும், சினிமாவுக்குப் போனாக்கூட கதவு தொறக்கறதுக்கு முன்னாடி போயி நிக்கறது. ஆபீஸ் வராந்தாவுல தரை காவி, செவுரு பாதிக்குக் கீழ பச்சை, பாதிக்கு மேல வெள்ளை, வாசல்ல செங்கல்ல சாய்ச்சி நட்டு ஒண்ணு வெள்ளை ஒண்ணு காவின்னு அடிச்சிருக்கறாங்க, மரத்துக்குக்கூட இடுப்பளவுக்கு சுண்ணாம்பு. இந்த சாகர் கண்டோன்மென்ட்டுல தானா வளந்தது எதுவும் தானா நிக்க முடியாது. எதிர்ல, மைதானத்துக்கு அந்தாண்ட வேப்பமரத்தடியில இவரு நிக்கறாரு. என் வீட்டுக்காரரு, ஹவில்தார் தணிகாசலம். தலையில தொப்பி இல்ல, இடுப்புல பெல்ட் இல்ல. ரெண்டையும் பக்கத்துல காவலுக்கு நிக்கற நாயக் ஒருத்தன் ரெண்டு கையாலயும் ஏந்தி வெச்சிருக்கறான், கோயில் தாம்பாளம் மாதிரி. தப்பு பண்ணவன கர்னல் முன்னாடி கொண்டாந்து நிறுத்தறதுக்கு இங்க பேஷின்னு பேரு. பேஷிக்குப் போறவன் தொப்பியும் பெல்ட்டும் கழட்டிடணும். எனக்கு என்னமோ இவரத் துணியில்லாம நடுத்தெருவுல பாத்த மாதிரி கூசுது. உச்சந்தலையில ஒரு ரூபா அளவுக்கு வழுக்கை விழுந்திருக்குது. பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியும் பகல் வெளிச்சத்துல அத இன்னிக்குத்தான் பாக்கறேன்.

"ஒரே ஒரு கேள்விதாம்மா கேப்பாரு, பதில் சொல்லிட்டு வந்துடலாம்"னு சுபேதார் ஏகாம்பரம் சாப் என்கிட்ட சொல்லிட்டு உள்ள போனவருதான், இன்னும் வரல. அவரு நம்ம காஞ்சிபுரம் பக்கம். கர்னல் பண்டாரிக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி காய்கறி வாங்கற அளவுக்குத்தான், அதனால நடுவுல நின்னு சொல்லப்போறது ஏகாம்பரம் சாப்தான். அந்த ஒரு கேள்வி இன்னான்னு எனக்குத் தெரியும். மேசைமேல ரெண்டு காகிதம் இருக்கும். ஒண்ணு மிலிட்டரி ஆஸ்பத்திரிச் சீட்டு: ஹவில்தார் தணிகாசலம் மனைவி பூங்காவனம், வயசு முப்பத்தாறு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடது காதுல காயம். அது நானே என் வாயால சொன்னது, டாக்டரம்மா எழுதும்போது இவரு என் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. இன்னொண்ணு மூணு நாள் கழிச்சி நான் குடுத்த மனு: என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு பெல்ட்டால அடிச்சாரு, பக்கிள் பட்டுக் காது கிழிஞ்சிது. ரெண்டுலயும் என் கையெழுத்து. விழுந்தியா, அடிச்சாரா? விழுந்தேன்னு சொன்னா மனு பொய்யி, கேசு அதோட முடிஞ்சிது, இவரு தொப்பிய மாட்டிக்கினு போயிடலாம். அடிச்சாருன்னு சொன்னா சிவப்பு மை. ஒவ்வொரு பட்டாளத்துக்காரனுக்கும் நடத்தைக்குன்னு ஒரு தாள் இருக்குதாம், சின்னத் தப்ப கறுப்பு மையில எழுதுவாங்களாம், பெரிய தப்ப சிவப்பு மையில. அடுத்த மாசம் நாயிப் சுபேதார் புரமோஷன் லிஸ்ட்டு வருது, இவரு பேரு அதுல மூணாவது. சிவப்பு மை பட்டா பேரு போச்சி. பேரு போனா ரெண்டு வருஷத்துல ஹவில்தாராவே ஊருக்கு அனுப்பிடுவாங்க, எம்பொண்ணு மோனிஷா பன்னெண்டாவது முடிச்சதும் முடிக்காததுமா மூட்டையக் கட்டணும். விழுந்தேன். அடிச்சாரு. விழுந்தேன். வாய்க்குள்ளயே மாத்தி மாத்திச் சொல்லிப் பாக்கறேன். இடது காதுல ஙொய்ங்குனு ஒரு சத்தம், நாலு வாரமா நிக்கல. வலது காதுல மைதானத்துல யாரோ கத்தற கவாத்து கேக்குது, இடதுல இந்த ஙொய்ங்கு. தூங்கும்போது வலதுபக்கமா ஒருக்களிச்சிப் படுத்தா உலகத்துல இருக்கற எல்லாரும் போயிட்டு நானும் அந்தச் சத்தமும் மட்டும் இருப்போம். பழகிப் போச்சி. எதுதான் பழகல.

மனு குடுத்தா இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. பொங்கலுக்கு முன்னாடி குடும்பங்களுக்கெல்லாம் ஒரு கூட்டம் போட்டாங்க, சமோசா குடுத்தாங்க, டீ குடுத்தாங்க, கர்னல் சாப் மேடையில ஏறி, இந்தப் பலட்டன், இந்தப் பட்டாளமே ஒரு குடும்பம், நான் உங்களுக்கெல்லாம் அப்பன் மாதிரி, எந்தக் கஷ்டமா இருந்தாலும் தயங்காம எனக்கு எழுதுங்க, அதோ அந்தப் பெட்டியில போடுங்கன்னு சொன்னாரு. ஏகாம்பரம் சாப் வீட்டு வேதவல்லி அக்கா பக்கத்துல உக்காந்து எனக்குத் தமிழ்ல சொல்லிச்சி. நான் கை தட்டினேன். நம்பிட்டேன்பா. எங்க ஊர்ல, குடியாத்தம் பக்கத்துல, புருசன் கை நீட்டினா பொண்ணோட அண்ணன் தம்பிங்க நாலு பேரு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு வருவாங்க. இன்னா மச்சான், கை நீளுதாமேன்னு கேப்பாங்க. ஒரு சத்தம், ஒரு தள்ளுமுள்ளு, அப்பறம் கோழி அடிச்சிக் கொழம்பு, சாப்ட்டுட்டுப் போயிடுவாங்க. ஆறு மாசத்துக்கு அவன் பொட்டிப் பாம்பா இருப்பான். எனக்கு அண்ணன் தம்பி கெடையாது, அப்பன் செத்து எட்டு வருஷம் ஆச்சி. மேடையில நின்னு ஒருத்தரு நான்தான் அப்பன்னு சொன்னா, சரி, அவரு என் வீட்டுக்காரரக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்குன்னு கேப்பாரு, ஆறு மாசம் ஓடும்னு நெனச்சேன். எனக்கு வேண்டியது அவ்ளோதான். பெட்டியில போட்ட காகிதம் மறுநாளே முத்திரை குத்தி, நம்பர் போட்டு, ஃபைலுக்குள்ள போயி, சட்டப் பிரிவு இத்தனைன்னு ஆயிடுச்சி. ரெண்டாவது நாளு நானே ஓடியாந்தேன், சாப், அத திருப்பிக் குடுத்துடுங்கன்னு. கிளார்க்கு என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, "அது இப்ப உங்க காகிதம் இல்லம்மா, சர்க்கார் காகிதம்"னான். அப்பன்னு நெனச்சி அழுதா அரசாங்கம் எழுதி வெச்சிக்கிச்சி. அன்னிலேருந்து இவர லைன்ஸுல, சிப்பாய்ங்க தங்கற பாரக்குல, தனிக்கட்டிலு போட்டுப் படுக்க வெச்சிட்டாங்க, வீட்டுப்பக்கம் வரக்கூடாதுன்னு. இருவத்தஞ்சி நாளு. பலட்டன்ல இருக்கற அத்தன பேருக்கும் என் காது கதை தெரியும். ரேஷன் வாங்கப் போனா பேச்சு நிக்குது.

ஆனா ஒண்ணு. இந்தச் சட்டம் இவரு மேல இன்னிக்கா புதுசா வந்துது? கல்யாணத்துக்கே அனுமதி எழுதி வாங்கிக்கினுதான் வந்தாரு. தாலி கட்டின பத்தாம் நாளே என் பேரு, என் அப்பன் பேரு, பொறந்த தேதி எல்லாம் ஆர்டர்ல ஏத்தியாச்சி. முடி ஒரு விரக்கட கூடினா தண்டன. மீசை உதட்டத் தாண்டக்கூடாது. காலையில மொகம் மழிக்காம போனா தண்டன. கட்டில்ல கம்பளி மடிப்பு கோணலா இருந்தா தண்டன. லீவு முடிஞ்சி ரெண்டு நாளு லேட்டா போனதுக்கு, அது எங்க மாமனாரு செத்ததுக்குப் போயிட்டு ரயிலு கெடைக்காம, அதுக்கே ஏழு நாளு உள்ள வெச்சாங்க. எந்த ஊருக்குப் போறோம், யாருகிட்ட கடன் வாங்கறோம், பக்கத்து வீட்டுப் பொம்பளையப் பாத்து எத்தன பல்லு தெரிய சிரிக்கறோம், எல்லாத்துக்கும் ஒரு பிரிவு இருக்குது. ரம்மு மாசத்துக்கு இத்தன பாட்டிலுன்னு அட்டையில குறிச்சிக் குடுக்கறாங்க. துப்பாக்கி இருக்குதே, அது இவரோட துப்பாக்கிதான், நம்பர் எனக்கே மனப்பாடம், ஆனா சாயங்காலம் ஆனா கோத்துல, அதான் ஆயுதமெல்லாம் வெச்சிப் பூட்டற ரூமு, அங்க வெச்சிட்டு, கையெழுத்துப் போட்டுட்டு, பூட்டறத நின்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வரணும். ஒரு நாளுகூட தவறினதில்ல, வாந்தி பேதியில கெடந்தப்பகூட ரெண்டு பேரத் தாங்கிக்கினு போயி வெச்சிட்டு வந்தாரு. இவ்ளோ சட்டமும் எங்க குவார்ட்டர் வாசப்படி வரைக்கும் கூடவே வரும். செருப்ப வெளிய விடற மாதிரி அங்க வெளிய விட்டுட்டு உள்ள வருவாரு. வந்து பெல்ட்டக் கழட்டி ஆணியில மாட்டுவாரு. அந்த ஆணிய நான் எத்தன வருஷம் பாத்துக்கினு இருந்திருப்பேன். எந்த ஊருக்கு மாத்தலானாலும் மொதல்ல அடிக்கற ஆணி அதுதான். ஆணியில பெல்ட் இருந்தா சமையல்கட்டுல எனக்குக் கையி சும்மா ஓடும். ஆணி காலியா இருந்தா மொளகா கிள்ளற கையி அப்படியே நிக்கும்.

வேப்பமரத்தடியில இவரு கால மாத்தி நிக்கறாரு. இடது கையால பேண்ட்ட மேல இழுத்து விட்டுக்கறாரு. எளச்சிப் போயிட்டாரு, பாவி மனுசன். மெஸ்ஸு சாப்பாடு ஒத்துக்காது, காரம் இல்லாம எறங்காது. பெல்ட் இல்லாம பேண்ட் நிக்கல. காவல் நாயக் அந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்கும்போது இழுத்துக்கறாரு, இவன் பாத்தா கைய விட்டுடறாரு. அந்த யூனிஃபார்ம் நான் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணது. இன்னாடி இது கூத்துன்னு நானே என்னக் கேட்டுக்கறேன். நேத்து காலையில பக்கத்து குவார்ட்டர் பையன்கிட்ட மூட்டைய குடுத்து அனுப்பியிருந்தாரு, பேஷிக்குப் போடறதுக்கு நல்லதா வேணுமாம். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல. துணியும் பெல்ட்டும்தான் வந்துது. மோனிஷா, "நீ பண்ணாதம்மா, அப்படியே திருப்பி அனுப்பு"ன்னா. நான் தொவச்சேன். கஞ்சி போட்டேன். கத்தி மாதிரி மடிப்பு எடுத்தேன். பெல்ட்டு பக்கிளுக்கு பிராஸோ போட்டு தேச்சேன், பித்தளை பளபளன்னு வந்து என் மூஞ்சே அதுல தெரிஞ்சிது, கோணையா. ஓரத்துல ஒரு எடத்துல கறுப்பா ஒட்டிக்கினு இருந்தத ஊக்கால நோண்டி எடுத்தேன். என் ரத்தமாத்தான் இருக்கும், இல்லன்னா பழைய பாலிஷா இருக்கும். நான் ஒண்ணும் அழுவல. கையி வேலை பண்ணுது, அதுக்கு மூளை வேணாம். ஆனா இடுப்பு ரெண்டு இன்ச்சு பெரிசா இருக்கும்னு யாருக்குத் தெரியும், தெரிஞ்சிருந்தா புடிச்சித் தச்சிக் குடுத்திருப்பேன்.

கெட்டவரான்னு யாராச்சும் கேட்டா நான் இன்னா சொல்றது. மஞ்சக்காமாலையில நான் கெடந்தப்ப ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு கீழாநெல்லி தேடிக்கினு இந்த ஊரு பூரா அலைஞ்சாரு. இங்க எவனுக்குத் தெரியும் கீழாநெல்லி, கைய ஆட்டி ஆட்டி இந்தியில வெளக்கியிருக்கறாரு. சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தாரு, மைதானத்துல, எல்லாரும் பாக்க, பின்னாடியே ஓடியாந்து. குடிச்சா வேற ஆளு. குடிக்காத நாள்ல பேசாத ஆளு. காது கிழிஞ்ச அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம்கூட பெரிசா ஒண்ணும் இல்ல, இவருக்கு ஜூனியர் ஒருத்தன் நாயிப் சுபேதாரா வேற பலட்டனுக்குப் போறான், அவனுக்கு விருந்து. போயிட்டு வந்தாரு. சோத்தப் போட்டேன். "எல்லாம் உன் ராசிடி"ன்னாரு. நான் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். "ஆமா, என் ராசியிலதான் பட்டாளமே நடக்குது"ன்னேன். அவ்ளோதான். ஆணி காலி. இத எந்தச் சட்டத்துல எழுதுவாங்க? என் வாயிக்கு எந்த மை? கேள்வி அங்கயே வந்து சிக்கிக்குது, தறியில நூலு சிக்கற மாதிரி, எடுக்க எடுக்க அதே எடம். விழுந்தேன்னு சொல்லிட்டா இன்னா. பதினேழு வருஷமா விழுந்துக்கினுதான இருந்தேன், பாத்ரூம்ல, படிக்கட்டுல, ஸ்ரீநகர் பக்கத்துல இருந்தப்ப பனியில. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊருக்குத் தோதா விழுவேன்.

வேதவல்லி அக்கா நேத்து சாயங்காலம் முறுக்கு எடுத்துக்கினு வந்துச்சி. அது சும்மா முறுக்கு சுடாதுன்னு எனக்குத் தெரியும். "ஏ பூங்கா, நான் சொல்றதக் கேளு, விழுந்துட்டேன்னு ஒரு வார்த்தை. கோவத்துல எழுதிட்டேன்னு சொல்லு, கர்னல் சாப் நல்லவரு, புத்தி சொல்லி அனுப்பிடுவாரு. நீ அடிச்சாருன்னு நின்னேன்னா உன் வயித்துலயே நீ அடிச்சிக்கற மாதிரிடி. அவருக்கு ரேங்க் போனா உனக்குந்தான போவுது. பென்சன் உனக்குந்தான கொறையுது"ன்னுச்சி. சரியாத்தான் சொல்லுது. சிவப்பு மை இவரு தாள்ல விழுந்தாலும் கொட்டப் போறது என் சோத்துல. நான் தலைய ஆட்டினேன். அப்பறம் சும்மா, பேச்ச மாத்தறதுக்கோசரம்தான் கேட்டேன், "ஏன்க்கா, பேஷிக்குப் போனா தொப்பியும் பெல்ட்டும் எதுக்குக் கழட்டறாங்க?" அக்கா முறுக்கக் கடிச்சிக்கினே சொல்லிச்சி: "அதா? வெள்ளக்காரன் காலத்துலேருந்தே அப்படித்தானாம். நம்ம சாப் சொல்வாரு. தண்டன குடுத்தா கோவத்துல தொப்பியக் கழட்டி சாப் மூஞ்சில வீசிடுவானாம், பெல்ட்டக் கழட்டி விளாசிடுவானாம். எவனோ ஒருத்தன் பண்ணியிருக்கறான். அன்னிலேருந்து முன்னாடியே புடுங்கிக்கறது." சொல்லிட்டு சிரிச்சிச்சி. நானும் சிரிச்சேன். அக்கா போன பெறவும் சிரிப்பு வந்துக்கினே இருந்துது, மோனிஷா பயந்துபோயி வந்து பாத்தா. பாரேன், எவனோ ஒருத்தன் ஒரே ஒரு வாட்டி ஒரு துரைய அடிச்சதுக்கு எல்லாரு இடுப்புலேருந்தும் கழட்டியாச்சி.

பயமா இருக்குது. பெரிய தைரியசாலி கணக்கா பேசறேன், அவ்ளோதான். அடிச்சாருன்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் அதே குவார்ட்டருக்குத்தான போவணும். தண்டனைய கர்னல் எழுதிட்டு மதியம் சாப்பிடப் போயிடுவாரு. கதவச் சாத்தின பெறகு யாரு இருக்கறாங்க. ரெண்டு வருஷம் கழிச்சி ஊருக்குப் போனா அங்க பேஷியும் இல்ல, நாயக்கும் இல்ல. இதுல மோனிஷா வேற. மனுவ எழுதினது அவதான். எனக்கு ஏது இந்தி, நான் தமிழ்ல சொல்லச் சொல்ல, ஸ்கூல் நோட்டுலேருந்து தாளக் கிழிச்சி அவ எழுதினா. முத்து முத்தான எழுத்து. ஒரு எடத்துல நிறுத்தி, "எத்தன தடவைம்மா அடிச்சாரு?"ன்னு கேட்டா. நான் ரெண்டுன்னேன். அவ என்னப் பாக்காமலே, "நாலு. நான் வாசல்ல நின்னு எண்ணினேன்"னு சொல்லிட்டு நாலுன்னு எழுதினா. பதினஞ்சி வயசுப் புள்ள. இவருக்குத் தெரியாது அவ எழுதினான்னு, எவனோ கிளார்க்கப் புடிச்சி எழுதியிருக்கறேன்னு நெனச்சிக்கினு இருக்கறாரு. இன்னிக்கிக் காலையில ஸ்கூலுக்குப் போவும்போது ரெட்டை ஜடை பின்னி விட்டேன், திரும்பிப் பாக்காம, "இன்னா சொல்லப்போற?"ன்னா. தெரியலடின்னேன். "சரி"ன்னுட்டு பையத் தூக்கிக்கினு போயிட்டா. திட்டியிருந்தாக்கூடத் தேவல. அந்த சரி இன்னும் வலது காதுலயே நிக்குது, நல்லா கேக்கற காதுல.

கதவு தொறந்துது. "வாங்கம்மா"ன்னு ஏகாம்பரம் சாப் கூப்பிட்டாரு. உள்ள குளுருன்னா குளுரு, ஏசி. பெரிய மேசை, கண்ணாடி போட்டது, அதுமேல ரெண்டு காகிதம், நான் நெனச்ச மாதிரியே, பக்கத்துல ஒரு பேனாத் தாங்கி. ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. கர்னல் பண்டாரிக்கு என் வயசுதான் இருக்கும், இல்ல ரெண்டு கூட. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கினு இருந்தாரு. மேடையில நின்ன அப்பன் இவரா, இவ்ளோ சின்னவரா. என்ன ஓரமா நாற்காலியில உக்கார வெச்சாங்க. வெளிய லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட்டுன்னு பூட்ஸ் சத்தம், வேகமா, ஓட்டமும் நடையுமா, மூணு பேரு உள்ள வந்தாங்க, முன்ன ஒருத்தன் பின்ன ஒருத்தன், நடுவுல இவரு. "தம்!"னு நிக்கச்சொல்லி ஒரு கத்தல், மூணு பேரு காலும் ஒண்ணா தரையில அறைஞ்சிது. அந்த அறையில இவரு பேண்ட் இடுப்புலேருந்து ஒரு விரக்கட எறங்கிச்சி. சாவ்தான்ல நிக்கறாரு, வெரலு ரெண்டும் பேண்ட்டு தையல்ல ஒட்டிக்கினு இருக்கணும், அசைக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் எறங்குது. அவரு வயித்த உப்பி நிறுத்தப் பாக்கறாரு. என் கண்ணு அங்கயே போவுது. சாப், ஒரு நிமிசம் அவரு பேண்ட்ட இழுத்துக்கட்டும்னு சொல்லத் தோணுது. சொல்லிடலாம், விழுந்துட்டேன்னு சொல்லிடலாம், தொப்பிய மாட்டிக்கினு பெல்ட்டக் கட்டிக்கினு போவட்டும் இந்த மனுசன், பேண்ட்டு நின்னாப் போதும். கர்னல் நாலே வார்த்தையில என்னமோ கேட்டாரு. ஏகாம்பரம் சாப் என் பக்கம் திரும்பினாரு. "அம்மா, சாப் கேக்கறாரு. ஆஸ்பத்திரியில விழுந்துட்டேன்னு சொல்லியிருக்கறீங்க, மனுவுல அடிச்சாருன்னு இருக்குது. எது நெசம்? நல்லா யோசிச்சி சொல்லுங்க, புள்ள படிப்பு இருக்குது, அடுத்த மாசம் புரமோஷன் இருக்குது, எல்லாம் உங்க கையிலதான் இருக்குது." கர்னல் சொன்னது நாலு வார்த்தை, இது எவ்ளோ நீளம். பரவால்ல, அவரும் நல்லதுதான் நெனைக்கறாரு. நான் வாயத் தொறந்தேன், விழுந்துட்டேன்னு நாக்கு நுனிக்கே வந்துடுச்சி. அதுக்குள்ள கர்னல் மனுவத் தூக்கிக் கைநீட்டி இன்னொண்ணு கேட்டாரு. "இது உங்க எழுத்து இல்லியே. யாரு எழுதினது? யாராச்சும் தூண்டி விட்டு எழுத வெச்சாங்களான்னு கேக்கறாரு"ன்னாரு ஏகாம்பரம் சாப், சொல்லிக்கினே கண்ண லேசா மூடித் தொறந்தாரு. அது எனக்குக் காட்டற வழி. ஆமா சாப், யாரோ தூண்டி விட்டாங்கன்னா போதும்.

தாளு கர்னல் கையிலேருந்து என் பக்கம் பாத்துக்கினு இருந்துது. ஓரத்துல நோட்டுலேருந்து கிழிச்ச பிசிறு. முத்து முத்தா எழுத்து. நாலுன்னு எழுதின எடம் எனக்குத் தெரியும், கீழேருந்து ரெண்டாவது வரி. யாரோ தூண்டி விட்டாங்களாம். என் புள்ள யாரோவாம். "எம்பொண்ணு எழுதினா சாப்"னேன். இவரு தலையத் திருப்பல, திருப்பக் கூடாது. "நான் சொன்னேன், அவ எழுதினா. நான் ரெண்டுன்னேன், அவ நாலுன்னு திருத்தினா. அவ வாசல்ல நின்னு எண்ணியிருக்கறா. நான் விழல சாப். அடிச்சாரு. பெல்ட்டால அடிச்சாரு." என் சத்தம் எனக்கே வலது பக்கமா மட்டும் கேட்டுது, வேற யாரோ பேசற மாதிரி, நிதானமா. ஏகாம்பரம் சாப் அத இந்தியில சொன்னாரு. ஒண்ணும் கொறைக்கல, கூட்டல, நாலுன்ற எடத்துல நாலு விரலக்கூட நீட்டிக் காமிச்சாரு. கர்னல் இவரப் பாத்து, சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டாரு. "நஹீ ஸ்ரீமான்"னாரு இவரு, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு. பதினேழு வருஷத்துல இவரு அடிக்கலன்னு மறுக்காத ஒரே நேரம் அது. கர்னல் கையி பேனாத் தாங்கிக்குப் போச்சி. நான் கண்ண மூடல. சிவப்பு. எழுதற சத்தம்கூட கேக்கல, ஏசி சத்தம்தான். எழுதி முடிச்சி மூடியப் போட்டு வெச்சிட்டு, என்னப் பாத்து, இன்னிலேருந்து இவரு வீட்டுக்கு வரலாமா, வேற ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டாரு.

இருக்குது சாப்னேன். இத நான் யோசிச்சிக்கினு போவல. பெஞ்சுல உக்காந்திருந்தப்பகூட தெரியாது. "தெனம் சாயங்காலம் துப்பாக்கிய கோத்துல வெச்சி, கையெழுத்துப் போட்டு, பூட்டிட்டுத்தான வீட்டுக்கு வராரு. அந்த பெல்ட்டையும் அதுகூடவே வெச்சிட்டு வரட்டும் சாப். காலையில டூட்டிக்கு வந்து கட்டிக்கட்டும். உங்க முன்னாடி வரும்போது கழட்டிட்டுதான வராரு." ஏகாம்பரம் சாப் மொதல்ல கோத்துன்னாரு, அப்பறம் பெல்ட்டுன்னாரு, நடுவுல நிறுத்தித் தொண்டையக் கனைச்சிக்கினாரு. காவலுக்கு நின்ன ரெண்டு பேரும் செவுத்தப் பாத்தானுங்க. கர்னல் கண்ணாடியக் கழட்டினாரு, மாட்டினாரு. மேசைமேல இருந்த தடிப் புத்தகத்து மேல கைய வெச்சாரு, தொறக்கல. இதுக்கு அதுல பிரிவு இருக்காதுன்னு எனக்குந்தான் தெரியும். அப்பறம் ஏகாம்பரம் சாப்ப நிமிந்து பாத்து, "ஹோ ஜாயேகா"ன்னாரு, ஆயிடும்னு. நானே புரிஞ்சிக்கினேன், அத யாரும் எனக்குத் தமிழ்ல சொல்லல.

வெளிய வந்ததும் காவல் நாயக் தொப்பிய இவருகிட்ட குடுத்தான். பெல்ட்டக் குடுக்க கைய நீட்டினவன் ஏகாம்பரம் சாப் மூஞ்சப் பாத்துட்டு அப்படியே மடக்கிக்கினான். நான் தேச்ச பக்கிளு வெயில்ல ஒரு தரம் மின்னிச்சி, அவன் அத சுருட்டி எடுத்துக்கினு கோத்துப் பக்கம் நடந்தான். சிவப்பு மை போட்டாச்சி, லிஸ்ட்டு போச்சி, ஊருக்குப் போனப்பறம் இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது, இப்பவும் பயமாத்தான் இருக்குது. இவரு எப்பவும் எனக்கு நாலடி முன்னாடி போற ஆளு, இன்னிக்கி வேகமா நடக்க முடியல, பக்கத்துலயே வந்தாரு. மெயின் கேட்டு, ரேஷன் கடை, ஸ்கூல் பஸ் நிக்கற எடம், எல்லாத்தையும் தாண்டினோம். வீடு வரைக்கும் ஒரு கையால பேண்ட்டப் புடிச்சிக்கினேதான் வந்தாரு. வாசப்படி ஏறும்போதும் அந்தக் கைய எடுக்கல.